தனுஷ்கோடி ஸ்டேஷன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயலுக்கு,

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடி போகப்போவதாகச் சொன்னாய், சந்தோஷம். ஆனால் நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அவர்களுக்குப் படித்துக் காட்டிவிடாதே. அதில் சொல்வதுபோல் 1964 புயலில் பாம்பன் பாலத்திலிருந்து ரயில் கடலில் விழவே இல்லை. அந்த ராத்திரி பாலமும் போனது, ரயிலும் போனது. ஆனால் வேறு வேறு இடத்தில்.

653ஆம் எண் பாசஞ்சர் ஓடியது பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில். பாம்பன் ஸ்டேஷன் ராமேஸ்வரம் தீவுக்குள் இருக்கிறது, பாலம் தாண்டித்தான். ஆக அந்த வண்டிக்குப் பாலத்தில் வேலையே கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவு 11.55க்குப் பாம்பனை விட்டது. தனுஷ்கோடிக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது அலை அடித்துக்கொண்டு போனது. கணக்குப்படி 110 பயணிகள், 5 ஊழியர்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் அதில் சேரமாட்டார்கள், அதனால் இறந்தவர் எண்ணிக்கையை யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதே.

டிரைவர் ஏன் நிறுத்தவில்லை என்று பெரியவன் கட்டாயம் கேட்பான். சிக்னல் கிடைக்காமல் நிறுத்திப் பார்த்துவிட்டு, விசில் ஊதிக்கொண்டு நகர்ந்தார் என்றுதான் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் கம்பி இழுத்து இயக்கும் கைகாட்டி சிக்னல், அதில் மண்ணெண்ணெய் விளக்கு. விளக்கு அணைந்திருந்தால் சிவப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அது விதி. ஆனால் இரண்டு பக்கமும் கடல், நடுவில் தாழ்வான மணல்திட்டின் மேல் ஒற்றை லைன். அங்கே நிற்பதும் ஆபத்துதான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

பாலத்தில் தண்டவாளத்தைத் தாங்கும் 126 இரும்பு கர்டர்கள் போயின. நடுவில் கப்பலுக்குத் திறக்கும் பகுதி மட்டும் தாங்கி நின்றது. விழுந்த கர்டர்களைக் கடலுக்குள்ளிருந்தே தூக்கி, ஸ்ரீதரன் 46 நாளில் லைனைச் சரிசெய்தார். டெல்லி மெட்ரோ ஸ்ரீதரன்தான், அப்போது இளம் இன்ஜினியர்.

பாலத்துக்கு இவ்வளவு செய்தவர்கள் தனுஷ்கோடி லைனை ஏன் விட்டார்கள்? அந்த ஸ்டேஷன் ஊருக்காக வந்ததல்ல, கப்பலுக்காக வந்தது. 1914 பிப்ரவரியில் பாலம் திறந்ததும் போட் மெயில் ரயில் சென்னை எழும்பூரிலிருந்து நேராகத் தனுஷ்கோடி வந்தது. அங்கே இறங்கி, ஸ்டீமர் ஏறி, இலங்கையின் தலைமன்னாரில் கொழும்பு ரயிலைப் பிடிக்கலாம். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற ஸ்டீமர்கள் முதலில் ஓடின. பிறகு இர்வின், கோஷன். மெயின் லைனே தனுஷ்கோடிக்குத்தான். ராமேஸ்வரம் பாம்பனில் பிரியும் கிளை, அவ்வளவுதான். புயலுக்குப் பிறகு கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள், கிளையே மெயினாகிவிட்டது. அரசும் தனுஷ்கோடி குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்துவிட்டது. 2019 மார்ச்சில் மறுபடி லைன் போட அடிக்கல் நாட்டினார்கள், வேலை நடக்கவில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து போகும் வழியில் வரும் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து 5 கிலோமீட்டரில் பழைய ஊர். எல்லோரும் அதைத் தாண்டி தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு, இன்னும் நாலரை கிலோமீட்டர், வண்டியை விரட்டுவார்கள். நீ முதலில் ஊரில் இறங்கு. ஸ்டேஷனில் இடிந்த சுவர்தான் மிச்சம். சர்ச் சுவரைக் கிட்டப்போய்ப் பார்க்கச் சொல். பவளக்கல், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். எதன் மேலும் ஏற விடாதே, உதிர்ந்துகொண்டிருக்கிறது. நிழல் கிடையாது, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள். இருட்டுவதற்குள் ராமேஸ்வரம் திரும்பிவிடுங்கள்.

அன்புடன்,
அப்பா