கழுத்திலிருந்து விரலை எடு, தம்பி

அன்புள்ள தம்பி,

ராத்திரி இரண்டே முக்காலுக்கு நீ அனுப்பியதைக் காலையில்தான் பார்த்தேன். "அக்கா, முழிச்சிருக்கியா? மறுபடி நெஞ்சு திக்குதிக்குனு அடிக்குது. நடுவுல ஒரு துடிப்பு விட்டுப்போச்சு. 118." கடைசியில் இருந்த அந்த எண்தான் என்னை உட்கார வைத்து எழுதச் சொன்னது. வாட்சைப் பார்த்திருக்கிறாய். அதற்கு முன்னால் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து எண்ணியிருப்பாய். மூன்று வருஷம் நானும் இதையே செய்தவள்தான், எனக்குத் தெரியாதா? பேரைச் சொல்லாமல் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த நேரத்தில் முழித்துக்கொண்டு கிடப்பவன் நீ ஒருத்தன் மட்டும் இல்லை.

அந்த 'விட்டுப்போன' துடிப்பு இருக்கிறதே, அது விட்டுப்போகவில்லை, முந்திக்கொண்டது. தன் முறை வருவதற்குள் ஒரு துடிப்பு அவசரப்பட்டு வந்துவிடுகிறது. அப்போது இதயத்தில் ரத்தம் முழுசாக நிரம்பியிருக்காது என்பதால் அந்தத் துடிப்பு பெரும்பாலும் நமக்குத் தெரிவதே இல்லை. பின்னாலேயே ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் சேர்ந்துவிட, அடுத்தது ஓங்கி ஒரு குத்து விடுகிறது. நீ 'திக்'கென்று உணர்வது அந்தக் குத்தைத்தான். எக்டோபிக் என்பார்கள் டாக்டர்கள். ஒரு நாள் முழுக்கப் பதிவெடுத்தால் ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் பெரும்பாலோரிடம் ஒன்றிரண்டாவது தட்டுப்படும். படுத்ததும் ஏன் அதிகமாகிறது என்று கேட்டாய். இடது பக்கம் ஒருக்களித்தால் இதயம் நெஞ்சுக்கூட்டை ஒட்டி வருகிறது, அறையிலும் சத்தம் இல்லை. பகலிலும் அது இருந்திருக்கும், உனக்கு வேலை இருந்தது.

எனக்கு ஹோல்டர், அதாவது நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவெடுக்கும் கருவி, மாட்டிவிட்ட கதையைச் சொன்னேனா? நெஞ்சில் ஸ்டிக்கர்கள், இடுப்பில் சின்னப் பெட்டி, கையில் ஒரு தாள். ஏதாவது தெரிந்தால் பட்டனை அழுத்தி, நேரத்தையும் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் எழுத வேண்டும். (அதைக் கண்டுபிடித்த நார்மன் ஹோல்டரின் முதல் கருவியை முதுகில்தான் சுமக்க வேண்டும், எடை சுமார் 38 கிலோ. அதை மாட்டினாலே யாருக்கும் படபடப்பு வந்துவிடும்.) அன்று 14 தடவை அழுத்தினேன். மறுநாள் டாக்டர் பதிவைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "ஒரு லட்சத்துக்கு மேல துடிச்சிருக்கு. அதுல முந்தி வந்தது 212. நீங்க அழுத்தின 14 தடவையில 9 தடவை ஒண்ணுமே இல்ல, ஒழுங்காத்தான் அடிச்சிருக்கு." வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 212-ல் நான் பிடித்தது 5. மூன்று வருஷமாக ராப்பகலாகக் காவல் காத்த எனக்கு, திருடன் எது, வீட்டு ஆள் எது என்றே தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு வெட்கம்தான் வந்தது.

118-க்கு வருகிறேன். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 60-லிருந்து 100 வரை சாதாரணம் என்று நீயே படித்திருப்பாய். திக்கென்றது, பயந்தாய். பயந்ததும் அட்ரினலின் ஏறுகிறது, அது இதயத்தை வேகப்படுத்துகிறது. வேகமானதை வாட்சில் பார்த்து இன்னும் பயந்தாய். வேகமாக மூச்சு விட்டிருப்பாய். அதில் ரத்தத்திலுள்ள கரியமிலவாயு குறைந்து உதடும் விரல்நுனியும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். "இதோ, ஹார்ட் அட்டாக்கேதான்" என்று முடிவு கட்டிவிடுவாய். உடம்பில் எழும் ஒரு உணர்வை ஆபத்து என்று தப்பாகப் படிப்பதில்தான் இந்தச் சுழல் இருக்கிறது என்று டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-ல் எழுதினார். அவருக்கு நூறு வருஷத்துக்கும் முன்னால், 1871-லேயே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்களிடம் இதே படபடப்பைப் பார்த்து டகோஸ்டா என்ற மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். ஆகவே யாராவது "மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடு. அந்த வாக்கியத்தால் ஒரு துடிப்புகூடக் குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் எல்லாம் பயம்தான் என்று நானே முத்திரை குத்தவும் மாட்டேன். ஈசிஜியும், எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுத்துவிட்டாய், நல்லது. தைராய்டு பார்த்தாயா என்று போன வாரமே கேட்டேன், பதில் இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதயம் ஓடத்தான் செய்யும், அதை எந்த மூச்சுப் பயிற்சியும் சரிசெய்யாது. மூக்கடைப்புக்கு நீயாக வாங்கிப் போட்டாயே மாத்திரை, அந்த வகையில் சிலது படபடப்பைக் கிளப்பும். டாக்டரிடம் அதன் பெயரைச் சொல். துடிப்பைக் குறைக்கும் என்று நண்பன் கொடுத்த புரோப்ரனலால் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடு. அது நல்ல மருந்துதான், ஆனால் சின்ன வயதிலிருந்து வீசிங் உள்ள உனக்கு அது ஆபத்து. மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ படபடப்பு வந்தாலோ இந்தக் கடிதத்தை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று 170, 180-க்குத் தாவி சட்டென்று நிற்பதும், தாறுமாறாக ஒழுங்கே இல்லாமல் அடிப்பதும் வேறு ரகம். அதை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈசிஜியில் பிடிக்க வேண்டும்.

டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் வருகிறதே, அதற்குத்தான் என் வழி. எண்ணுவதை நிறுத்து. சொல்வது சுலபம். நான் ஒரே நாளில் நிறுத்தப் பார்த்து, சாயங்காலமே பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினேன். அப்புறம் பேரம் பேசினேன்: ஒரு நாளைக்கு மூன்று தடவை, அதற்கு மேல் கிடையாது. முதல் வாரம் படபடப்பு கூடியது, அதை மறைக்க மாட்டேன். இரண்டாவது மாதம் ஒரு தடவை. அதன்பின் எப்போது மறந்தேன் என்றே தெரியவில்லை.

ராத்திரி திக்கென்றால் எழுந்து உட்கார். மூக்கால் மெதுவாக இழு, இழுத்ததைவிட நிதானமாக விடு. உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமெடுக்கும், வெளியே விடும்போது இறங்கும். அது எல்லோருக்கும் உள்ளதுதான். படபடப்பைத் துரத்துவதற்காகச் செய்யாதே, துரத்தினால் மறுபடி கண்காணிப்பு ஆரம்பித்துவிடும். அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடு. பயத்தின் உச்சம் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் வந்து தானாக வடியும்.

இன்னொன்று, உனக்குப் பிடிக்காது. மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டாய், லிஃப்டுக்கு நிற்கிறாய் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் இருந்தேன், எட்டு மாதம். இதயம் வேகமாக அடிப்பது ஒன்றும் செய்யாது என்பதை, வேகமாக அடிக்க வைத்துத்தான் உடம்புக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன், நீயும் கேள். முதல் நாள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மேலே வந்த ஒருவர் "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாளும் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். வாட்சைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டுக் கதவைத் திற. அதற்குள் அந்தத் தைராய்டு ரிப்போர்ட்டை வாங்கி வைத்துவிடுடா.

உன்
அக்கா