உறையாத ஈரம்

எட்மண்டன், ஆல்பர்ட்டா, கனடா
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். அம்மா, தம்பி, சித்தப்பா வீட்டார் அனைவரின் நலமும் அறிய ஆவல். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "ஹீட்டர் போனால் என்னடா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓட்ட வேண்டியதுதானே" என்று கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். முப்பது வருடமாக ரேடியேட்டர் பட்டறை வைத்திருப்பவரிடம் அரைகுறையாகச் சொல்லி விட்டுவிட மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாமக்கல்லில் நம் பட்டறைக்கு வரும் எந்த லாரிக்காரரும் ஹீட்டரைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ஹீட்டர் கோர் என்பது உங்களுக்குப் புதிய பொருள் அல்ல. ரேடியேட்டரின் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் சூடேறிய கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், ஒரு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வந்து, அங்கே இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அளவுள்ள கோரைச் சுற்றி, இன்னொரு ஹோஸ் வழியாக எஞ்சினுக்கே திரும்புகிறது. அதன்மேல் விசிறி அடிக்கும் காற்றுதான் வண்டிக்குள் சூடாக வருகிறது. இங்கே அது சொகுசு அல்ல. மைனஸ் 28 டிகிரியில் நாம் விடும் மூச்சே முன்கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் படிந்து, கொஞ்ச நேரத்தில் கண்ணாடி சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஆகிவிடும். அதற்குமேல் சாலை தெரியாது.

நான் வாங்கியது பழைய நாலு சக்கர இழுவை ஜீப். முன்பு வைத்திருந்தவர் அதை மலைப்பாதைகளிலும் ஓடைகளிலும் ஓட்டுவதற்காக முன்னால் வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள்), மேலே வரிசையாக விளக்குகள் என்று சொந்தக் கையால் பல வேலைகள் செய்திருந்தார். டிசம்பர் தொடக்கத்தில், ஓடும்போது வந்த சூடு சிக்னலில் நின்றால் குறையத் தொடங்கியது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குள் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல ஒரு களகளப்பு கேட்கும். நான் அவசரப்பட்டு, எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். வெப்பமானியின் முள் எப்போதும்போல நடுவிலேயே நின்றுகொண்டிருந்ததை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தச் செலவு மிச்சமாகியிருக்கும். பிறகுதான் எஞ்சின் சூடான நிலையில் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் கையால் தொட்டுப் பார்த்தேன். இரண்டுமே சூடாக இருந்தன. கோர் அடைத்திருந்தால் போகும் ஹோஸ் கொதிக்கும், திரும்பும் ஹோஸ் வெதுவெதுப்பாக இருக்கும். ஆகவே அடைப்பு இல்லை. கூலண்ட் குறைந்து, உயரத்தில் இருக்கும் கோருக்குள் காற்றுப் புகுந்திருக்கிறது. களகளப்பு அதனால்தான் என்று தெரிந்தது.

குறைந்த கூலண்ட் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. வண்டிக்கு அடியில் வெள்ளைப் பனியில் ஒரு பச்சைச் சொட்டுகூட இல்லை. நம் ஊரானால் நீங்கள் முதலில், ஹெட் கேஸ்கட் என்ற எஞ்சின் அடைப்பான் போய்க் கூலண்ட் எஞ்சினுக்குள் கசிகிறதோ என்று சந்தேகித்து, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்க்கச் சொல்வீர்கள். இங்கே குளிர்காலத்தில் தெருவில் போகும் அத்தனை வண்டியும், நேற்றுக் கடையிலிருந்து வந்த புது வண்டி உட்பட, இட்லிக் கொப்பரைபோல வெள்ளை ஆவி விட்டுக்கொண்டுதான் போகிறது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் பால் கலந்ததுபோன்ற கசடு இருந்தது. குறுகிய தூரம் ஓட்டி நிறுத்தும் வண்டியில் குளிரால் ஈரம் படிந்து அது தானாகவே வரும் என்கிறார்கள். அதாவது, நம் பட்டறையில் நான் கற்றுக்கொண்ட இரண்டு அடையாளங்களும் இந்தக் குளிரில் எதையும் நிரூபிக்கவில்லை.

வண்டிக்குள்ளும் இதே குழப்பம்தான். கண்ணாடியில் மங்கல் இருந்தது, ஆனால் மங்கல் எல்லா வண்டியிலும் உண்டு. துடைத்துப் பார்த்ததில் மூச்சின் ஈரம் சுத்தமாகப் போவதுபோல இது போகவில்லை. துணி போன வழியெல்லாம் எண்ணெய்போல ஒரு இழுவல் நின்றது. விசிறியைப் போட்டால் லேசாக இனிப்பு வாசனை வந்தது. வலப்புறம், அதாவது இங்கே பயணி உட்காரும் பக்கம், காலடிக் கம்பளம் ஈரமாக இருந்தது. ஆனால் பூட்ஸில் ஒட்டிவந்த பனி உருகி என் பக்கக் கம்பளமும் ஈரமாகத்தான் இருந்தது. போதாக்குறைக்கு, இது ஓடைகளில் இறங்கி ஏறிய வண்டி. ஏதாவது ஒரு இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்திருக்கவும் கூடும்.

கடைசியில் குளிரே எனக்கு வழி காட்டியது. ஒரு ராத்திரி மைனஸ் 24க்கு இறங்கியது. மறுநாள் காலை கதவைத் திறந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, என் பக்கக் கம்பளத்தை அழுத்தினேன். பனிக்கட்டி மொறுமொறுவென்று நொறுங்கியது. வலப்பக்கக் கம்பளத்தை அழுத்தினேன். அது உறையவில்லை. கூழ்போல நசுங்கி, விரலிடுக்கில் வழவழவென்று ஏறியது. வெள்ளைக் காகிதத்தில் துடைத்தபோது வெளிறிய பச்சை. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலண்ட் ஏறக்குறைய மைனஸ் 37 வரை உறையாது. உருகிய பனியானால் இரண்டு பக்கமும் ஒரேபோல இறுகியிருக்க வேண்டும். (பட்டறைப் பையன்கள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் நீங்கள் நிறுத்திவிடுங்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம்.)

சந்தேகம் தீர்ந்தாலும் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றுவதற்கு முன் உறுதி வேண்டியிருந்தது. வீட்டுக்காரப் பெரியவரின் கராஜில் சூடு உண்டு. வண்டியை அங்கே ஏற்றினேன். எஞ்சின் ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியின் இடத்தில் கைப்பம்பு வைத்த அழுத்தமானியைப் பொருத்தி, மூடியில் குறித்திருந்தபடி 16 பி.எஸ்.ஐ. வரை அடித்தேன். கால் மணி நேரத்தில் முள் 11க்கு வந்துவிட்டது. எஞ்சினைச் சுற்றி எங்கும் ஈரமில்லை. ஏசி தண்ணீர் வடியும் குழாயின் நுனியில் மட்டும் ஒரு பச்சைச் சொட்டு திரண்டு நின்றது. பிறகு கோருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, மறுபடி அடித்தேன். முள் அசையவில்லை. ஓட்டை கோரில்தான்.

கடையில் ஒரு பையன் ஓட்டை அடைக்கும் திரவத்தை ஊற்றச் சொன்னான். நம் டிரைவர்கள் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டிவிட்டு வருவதும், நீங்கள் அவர்களைத் திட்டிக்கொண்டே குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குத்துவதும் நினைவுக்கு வந்தது. கோரின் குழாய்கள் அதைவிடக் குறுகலானவை. வேண்டாம் என்றேன். இங்குள்ள ஒரு பட்டறையில் வேலைக்கு 1,200 டாலர் கேட்டார்கள். கோரின் விலை 70 டாலர்தான். மீதி எல்லாம் டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலி. நானே செய்தேன். இரண்டு சனி, ஞாயிறு போயின. ஏசியில் வாயு ஏற்கெனவே இல்லாததால் அதை வெளியேற்றும் தொல்லை மட்டும் இல்லை.

வெளியே எடுத்த கோரைப் பெரியவரின் துணி துவைக்கும் தொட்டியில் முக்கிக் காற்று அடித்தேன். இணைப்பில் வரும் என்று எதிர்பார்த்தேன்; ஆனால் குழாயின் நடுவில் மூன்று இடங்களில் ஊசிமுனைக் குமிழிகள் வந்தன. சுற்றிலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அலுமினியம். எனக்கு உறுத்தியது வேறு: கோர் பழசாகத் தெரியவில்லை, ஹோஸ் கிளிப்புகளும் புதிது. யாரோ முன்பே ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். ஒரே வண்டி ஒரே ஓட்டையோடு இரண்டாம் முறை வந்தால் நீங்கள் ரேடியேட்டரை விட்டுவிட்டு எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பை, தேடுவீர்களே, அதைச் செய்தேன். மீட்டரின் கறுப்பு ஒயரை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு ஒயரை உலோகத்தில் படாமல் கூலண்டிலும் வைத்து, விளக்குகளை எல்லாம் போட்டேன். 0.7 வோல்ட். அரை வோல்ட்கூட இருக்கக் கூடாது. குனிந்து பார்த்தால், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை உப்பில் அரித்து இற்றுத் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வண்டி முதலில் ஒண்டாரியோ என்ற வேறொரு மாகாணத்தில் ஓடியது. அங்கே குளிர்காலச் சாலையில் உப்பை வாரி இறைப்பார்கள். பட்டை போனதும் மின்சாரம் திரும்பும் வழி தேடிக் கூலண்டுக்குள் இறங்கி, கோரைத் தின்றிருக்கிறது.

புதுப் பட்டை போட்டு, வின்ச் எர்த்தையும் விளக்குகளின் எர்த்தையும் நேராக பேட்டரிக்கு இழுத்தேன். பழைய கூலண்டை முழுக்க வடித்து, புதிது ஊற்றி, முன்பக்கத்தை மேடாக ஏற்றி நிறுத்திக் காற்றை எடுத்தேன். இப்போது மீட்டர் 0.08 காட்டுகிறது. நேற்று மைனஸ் 30இல் 40 கிலோமீட்டர் ஓட்டினேன். கண்ணாடி தெளிவாக இருந்தது. வடித்த கூலண்டைப் பெரியவரின் நாய் நக்கிவிடாமல் மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன். கம்பளத்தை மூன்று முறை வெந்நீரில் அலசியும் அந்த இனிப்பு வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை.

பழைய கோரை எறியவில்லை. ஏப்ரலில் வரும்போது கொண்டுவருகிறேன். அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது என்று நீங்கள் சொல்வது தெரியும்; ஆனாலும் அந்த மூன்று ஓட்டைகளை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். அம்மாவிடம் காது மூடும் தொப்பி வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்