துண்டு கீழே விழக் கூடாது

அன்புள்ள தம்பிக்கு,

வலது தோள் வலிக்கிறது என்று நீ போனில் சொன்னது நல்லவேளை அம்மா காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்நேரம் தைலப் புட்டியோடு பெங்களூர் பஸ் ஏறியிருப்பாள். விஷயம் தெரிந்த பெரியப்பாவோ, "குடமுருட்டியில் குதித்து வளர்ந்த பிள்ளைக்குத் தோள் வலியா?" என்று சிரிக்கிறார். ஆற்றில் நீந்துகிறவன் பாதி நேரம் தண்ணீர் இழுத்த இழுப்புக்குத்தானே போகிறான்; அதுவும் மேட்டூர் திறந்தால்தான். நீச்சல் குளத்தில் பயிற்சி எடுக்கிற உன் கணக்கு வேறு. 50 மீட்டருக்கு ஒரு கைக்கு 20 வீச்சு என்று வை. ஒரு நாள் பயிற்சி 5 கிலோமீட்டர் என்றால் குளத்தில் 100 நீளம். ஒரு தோள் ஒரே நாளில் 2,000 தடவை சுற்றுகிறது.

இது புதிய வியாதியும் இல்லை. 1974லேயே கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் இதற்கு 'ஸ்விம்மர்ஸ் ஷோல்டர்', அதாவது நீச்சல்காரர் தோள் என்று பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். தண்ணீரை இழுக்கிற மார்புத் தசையும் முதுகின் பக்கவாட்டுப் பெருந்தசையும் கையை உள்பக்கம் திருப்புகிறவை. நீந்த நீந்த அவை வலுத்துக்கொண்டே போகும். கையை வெளிப்பக்கம் திருப்பி, மூட்டை அதன் குழியில் நிலையாக நிறுத்துகிற சின்னத் தசைகளுக்கு அவ்வளவு வலு ஏறுவதில்லை. ஒரு மாடு கொழுத்து இன்னொரு மாடு இளைத்த வண்டி ஒரு பக்கமாகத்தானே இழுக்கும்? அதைச் சரிசெய்யத்தான் உன் கோச் தரைப் பயிற்சி கொடுக்கிறார். நீ அதைச் சலிப்பு என்று ஒதுக்கிவிட்டு மல்லாந்து படுத்து மார்புத் தசையால் எடை தள்ளுகிற பெஞ்ச் பிரஸ்ஸில் எடை ஏற்றுகிறாய். கொழுத்த மாட்டுக்கே மறுபடியும் தீனி!

காலமெல்லாம் விசில் ஊதின பி.டி. வாத்தியார் சொல்கிறேன், கேள். சின்னத் துண்டு ஒன்றைச் சுருட்டி முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வை. முழங்கையை மடக்கி, லேசான எலாஸ்டிக் பேண்டைப் பிடித்து, முன்கையை மட்டும் வெளியே திருப்பு. திரும்பி வரும்போது பேண்ட் உன்னை இழுக்கக் கூடாது, நீதான் மெதுவாக விட வேண்டும். துண்டு விழுந்தால் உடம்பு வேறு தசையைக் கடன் வாங்குகிறது என்று அர்த்தம். 15 தடவை, இரண்டு சுற்று போதும். கனமான பேண்ட் எடுத்து வீரம் காட்டாதே.

அப்புறம் தண்டால். மேலே வந்த பிறகும் நிறுத்தாமல், முழங்கையை மடக்காமல் தரையை இன்னும் கொஞ்சம் தள்ளு. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் விலகிப் போவது தெரியும். விலா ஓரத்துத் தசைக்கு அதுதான் வேலை. குப்புறப் படுத்துக் கட்டை விரல் மேலே பார்க்கக் கைகளை ஒய் வடிவத்தில் தூக்குவது உனக்குத் தெரியும். எடை வேண்டாம், வெறுங்கையே பாரம்.

ஒன்று மட்டும் செய்யாதே. பக்கத்துப் பையனைக் கைகளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கச் சொல்வாயே, அது. நீச்சல்காரர்கள் பலருக்குத் தோள் ஏற்கெனவே தளர்வானது. அதை இன்னும் இளக்கி என்ன லாபம்? வலி இருக்கும்வரை கையில் பேடில், அந்தத் துடுப்புத் தட்டை, மாட்டாதே. கால் உதைப் பயிற்சிக்குப் பிடிக்கிற மிதவைப் பலகையான கிக்போர்டை நீட்டிப் பிடித்தாலும் தோளுக்குச் சுமைதான். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உதை.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பொங்கலுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, போன வாரமே பழைய தூரத்தை முழுசாக நீந்தியிருக்கிறாய். தூரத்தைப் படிப்படியாக ஏற்று என்று கோச்சிடம் நீயே கேள். கேட்பதில் வெட்கம் என்ன? இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, கையைத் தூக்கினால் பலம் போகிறது என்றால் என் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு விளையாட்டுக் காயம் பார்க்கிற டாக்டரிடம் போ.

ஞாயிற்றுக்கிழமை அறைத் தோழனிடம் சொல்லி, சட்டையில்லாமல் பின்பக்கமிருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. இரண்டு கைகளையும் மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்கு. இறங்கும்போது வலது தோள்பட்டை எலும்பின் ஓரம் துருத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்பா