எனக்கு நிறையக் கிடைத்திருக்கிறது

இதழாசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஆசிரியர் தினச் சிறப்பிதழ் பார்த்தேன். அட்டையில் இந்த வருடமும் மெழுகுவர்த்திதான். உள்ளே, தங்களை உருக்கிக்கொண்டு ஊருக்கு வெளிச்சம் தருகிறவர்கள், தங்களுக்கென்று எதையும் பெறாதவர்கள் என்று பள்ளி ஆசிரியர்களான எங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பாராட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனாலும் அந்த வரி நாலு நாளாக மனசை அறுக்கிறது. செஞ்சி பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். 1998-இல் பணியில் சேர்ந்தேன். எதையும் பெறாதவள் என்று என்னை யாரும் சொல்ல வேண்டாம்.

போன வருடம் ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. எழுத்தைத் தனித்தனியாகக் காட்டினால் டக்கென்று சொல்லிவிடுவாள். சேர்த்துப் படி என்றால் வாயே திறக்க மாட்டாள். தீபாவளியும் போய்விட்டது. அவள் தனி எழுத்திலேயே நின்றாள். வீட்டுக்குப் போனாலும் எனக்கு அவள் நினைப்புதான்.

ஒரு புதன்கிழமை, காலை உணவுக்குப் பொங்கல். தட்டோடு வரிசையில் நின்றவள், சமையல்கார அக்கா கையிலிருந்த பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. "உ... ப்... பு." நிறுத்தினாள். மறுபடியும் ஒரு தரம். அப்புறம் ஒரே கத்தல். "டீச்சர், உப்பு! உப்புன்னு போட்டிருக்கு!" தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அன்று பூராவும் அவளை அடக்க முடியவில்லை. சுவரில் எழுதியிருந்தது, வாளியில் எழுதியிருந்தது, சாயங்காலம் வந்த பஸ்ஸின் போர்டு, ஒன்றையும் விடவில்லை. இத்தனை வருடத்தில் இதை எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்தாயிற்று. இன்னமும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. வேறு எந்த வேலையில் போய் இதை வாங்குவேன்?

சிறப்பிதழ் என்றாலே, கலெக்டரான மாணவர் வந்து பழைய டீச்சர் காலில் விழுகிற படம் ஒன்று போடுகிறீர்கள். எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரைக் கட்டிய கொத்தனார் என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பையன். எத்தனை செங்கல் பிடிக்கும் என்று பேப்பர் இல்லாமல் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டு, "நீங்க சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடுதான் டீச்சர்" என்றான். அவனைப் பற்றியும் எழுதலாம் இல்லையா?

இந்த மெழுகுவர்த்திப் பேச்சு எங்களுக்கு எதிராகவே திரும்பியதையும் சொல்லிவிடுகிறேன். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியர், ஆசிரியர் என்று சுமார் 1.70 லட்சம் பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். நானும் ஒருத்தி. கைக்குழந்தையோடு இருந்தேன். பால்காரருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. தெருவில் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டது என்ன தெரியுமா? "வாத்தியார் வேலை சேவை ஆச்சே, காசுக்குப் போராடலாமாம்மா?" அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. திரும்பப் பணியில் சேர்ந்த அன்று பிள்ளைகள் கேட்டிலேயே காத்துக்கொண்டு நின்றார்கள். அதுவும் நான் பெற்றதுதான்.

என் பள்ளியின் இன்னொரு ஆசிரியை 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்தவர். ஜூன் 1-க்கு ஒரு நாள் முன்னால் சேர்ந்திருந்தால் அப்போதைய அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய், பின்னால் சேர்ந்ததால் 5,200. ஒரே பாடம், ஒரே பிள்ளைகள். அவரைப் போன்றவர்கள் சம ஊதியம் கேட்கும்போதெல்லாம் இதே 'சேவை'தான் பதிலாக வருகிறது. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதாமலே முன்பு பணியில் சேர்ந்தவர்களில், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்தில் அதைப் பாஸ் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. நானும் அதில் வருகிறேன். சரி, எழுதுகிறேன், புத்தகம் வாங்கிவிட்டேன். ஆனால் தீர்ப்பு வந்து நாலாம் நாள் வந்த உங்கள் சிறப்பிதழில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மெழுகுவர்த்திக்கு மட்டும் முழுப் பக்கம்.

சம்பளம் என் உழைப்புக்கு. சந்தோஷத்தைப் பிள்ளைகள் தருகிறார்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். நான் உருகிப்போகவில்லை, ஐயா. வேலைக்குச் சேர்ந்த அன்று இருந்ததைவிட இன்று மனசு நிறைந்து இருக்கிறேன்.

ஒரு சின்ன வேண்டுகோள். நீங்கள் நிறுத்திவிட்ட சிறுவர் பக்கத்தை மறுபடி கொண்டுவாருங்கள். அரைப் பக்கம் போதும், எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். அந்தப் பெண் இப்போது இரண்டாம் வகுப்பு. கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறாள். பள்ளிக்கு வரும் உங்கள் இதழுக்கு நான்தான் சந்தா கட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இடைநிலை ஆசிரியை,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.