வோஷிங் மெஷினைப் பூட்டியதில் நடந்த தவறு தொடர்பான முறைப்பாடு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

சென்ற மாதம் உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் முன்பக்கம் கதவுள்ள 8 கிலோ வோஷிங் மெஷின் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டித் தருவதற்கான கூலியையும் அதே பற்றுச்சீட்டில் சேர்த்துத்தான் கட்டினேன். அந்த மெஷின் இப்போது பழுதாகிக் கிடக்கிறது. உத்தரவாதம் செல்லாது என்று உங்கள் அலுவலகம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

எங்கள் வீடு பழைய வீடு. குசினிக்கும் குளியலறைக்கும் இடையில், மூன்று பக்கமும் சுவர் உள்ள 66 சென்ரிமீற்றர் அகலமான இடம்தான் மெஷினுக்கு இருக்கிறது. மெஷினின் அகலம் 60. இந்த அளவுகளையெல்லாம் தாளில் வரைந்து கடையிலேயே காட்டினேன். "தாராளமாய்ப் போகும்" என்று சொல்லித்தான் விற்றீர்கள்.

கொண்டுவந்தவர்கள் இரண்டே இரண்டு தம்பிமார். ஒழுங்கைக்குள் பட்டா என்ற சின்ன லொறி வராது என்பதால் முகப்பிலிருந்து கையால் தூக்கி வந்தார்கள். மெஷின் கிட்டத்தட்ட 70 கிலோ. பிழியும்போது துள்ளாமல் இருக்க உள்ளே கொங்கிறீற் பாரம் வைத்திருப்பதால்தான் இவ்வளவு கனம். அதைத் தூக்க அவர்களுக்கு ஒரு தள்ளுவண்டியோ பட்டியோ நீங்கள் கொடுத்துவிடவில்லை. பிடிக்க வேறு இடமில்லாமல் கண்ணாடிக் கதவிலேயே பிடித்தார்கள். பின் வாசல் நிலையில் ஒருவருடைய விரல்கள் நசுங்கித் தோல் உரிந்துவிட்டது. நான்தான் மருந்து போட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை. நாலு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு பேரை அனுப்பியது நீங்கள்.

உண்மையான சேதம் அதற்குப் பிறகுதான் நடந்தது. இந்த மெஷினின் உருளை ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. ஏற்றி இறக்கும்போது அது ஆடாமல் இருக்கப் பின்பக்கத்தில் நான்கு நீள போல்ட்டுகள் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஓடவிடுமுன் அவற்றைக் கழற்றியே ஆக வேண்டும் என்று கையேட்டில் எச்சரிக்கை இருக்கிறது. தம்பிமார் குழாய்களை மட்டும் பூட்டி, மெஷினை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு, "சரி அக்கா, இனிப் போடலாம்" என்று அடுத்த வீட்டுக்கு அவசரமாகப் போய்விட்டார்கள்.

முதல் தடவை உடுப்புப் போட்டேன். தண்ணீர் எடுத்துச் சுற்றியது. பிழியத் தொடங்கியதும் மெஷின் இரண்டு பக்கச் சுவரிலும் இடித்து இடித்து முன்னுக்கு வந்தது. மாபிள் வெடித்தது, கழிவுநீர்க் குழாய் கழன்று குசினி முழுக்கத் தண்ணீர். மூட்டு வருத்தத்தோடு கிணற்றடியில் துவைக்கும் அம்மாவுக்காகத்தான் இதை வாங்கினேன். அவர் இப்போது அதன் பக்கமே போகப் பயப்படுகிறார்.

பிறகு வந்த உங்கள் மெக்கானிக் மெஷினை வெளியே இழுத்து, என் கண் முன்னால் அந்த நான்கு போல்ட்டுகளையும் கழற்றினார். ஆனாலும் உருளை சுற்றும்போது உள்ளே உரசும் சத்தம் நிற்கவில்லை. அவர் எழுதிய அறிக்கையில் காரணம் "இடம் ஒடுக்கம்" என்று மட்டுமே இருக்கிறது. போல்ட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. இடம் ஒடுக்கம் என்பது உங்களுக்கு முதலே தெரியும். உள்ளே தள்ளிய பிறகு பின்பக்கம் கை போகாது என்பதால், வாசலில் வைத்தே போல்ட்டைக் கழற்றியிருக்க வேண்டும். அது மட்டுமில்லை, பூட்டியதற்கான உங்கள் படிவத்தில் "போல்ட்டுகள் அகற்றப்பட்டன" என்ற வரிக்கு எதிரே சரி அடையாளமும் போட்டிருக்கிறது. செய்யாத வேலையைச் செய்ததாக எழுதியதற்கு யார் பொறுப்பு?

எனக்கு வேண்டியது புதிய மெஷின், திருத்தியது அல்ல. உடைந்த மாபிளுக்கான செலவும் தர வேண்டும். இந்த முறை போதிய ஆட்களையும் தள்ளுவண்டியையும் அனுப்புங்கள். போல்ட்டைக் கழற்றி, மட்டம் பார்த்துக் கால்களை இறுக்கி, பிழியும் கட்டம் வரை ஓட்டிக் காட்டிய பிறகே கையெழுத்து வைப்பேன்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். இல்லாவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன். பற்றுச்சீட்டு, படிவம், அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளும் படங்களும் இத்துடன் உள்ளன. நான்கு போல்ட்டுகளும் என்னிடமே இருக்கின்றன.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்