25 என்றும் ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றி உங்கள் சுகாதாரப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் இலவசமாகப் பப் பரிசோதனை (கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை எடுத்துப் பார்ப்பது) செய்யலாம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல விசயம்தான். ஆனால் அந்த 35தான் என்னைத் திருப்பி அனுப்பியது.

எனக்கு இப்போது 34. மகள் வயிற்றில் இருந்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்று தயவுசெய்து யாரும் கேட்கவேண்டாம். அன்று தொடங்கிய மருந்தை ஒருநாளும் விட்டதில்லை. மகளுக்குத் தொற்றவில்லை. இந்த வருடம் ஆறாம் வகுப்பில், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமிக்கு எதிரான தடுப்பூசியும் போட்டாள்.

போன வருடம் ஒரு கிளினிக்குக்குப் போனேன். வாங்கில் பத்துப் பன்னிரண்டு பேர். “தங்கச்சி, உங்களுக்கு இன்னும் 35 ஆகவில்லையே, ஏன் இப்ப?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் பக்கத்தில் இருந்தவர் எங்கள் மச்சாளின் ஒழுங்கைக்காரர். நான் என்ன சொல்ல? கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு எச்.ஐ.வி. மருந்து எடுக்கும் இடத்து டொக்டரம்மாவிடம் அழுதபடி சொன்னேன். எங்களைப் போன்ற பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து ஆறு மடங்கு என்று அவர்தான் விளக்கினார். எச்.பி.வி. கிருமி மற்றவர்களில் புற்றுநோயாக மாற 15, 20 வருடம் எடுக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களில் 5, 10 வருடமே போதுமாம். அதனால்தான் எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கவேண்டும் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மருந்து ஒழுங்காக எடுத்தாலும் பரிசோதனை வேண்டும்.

அவர் ஒழுங்குசெய்த பரிசோதனையில் மாற்றம் தெரிந்தது. அடுத்ததாக, வினாகிரி போல மணக்கும் ஒரு திரவத்தைத் தடவிவிட்டுத் திரையில் காட்டினார்கள். இளஞ்சிவப்பு நிறத்தின் நடுவே சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைப் பொட்டு, சுண்டுவிரல் நகத்தளவு. எனக்கு நோவோ இரத்தப்போக்கோ எதுவுமே இருந்ததில்லை. அந்தப் பகுதியை விறைக்கச் செய்து வெட்டி எடுத்தார்கள். பின்னேரமே வீட்டுக்கு வந்து இடியப்பம் அவித்தேன். புற்றுநோய் இல்லை, அதற்கு முந்திய நிலைதான் என்று முடிவு வந்தது. 35 ஆகட்டும் என்று இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கிளினிக்கில் வேலைசெய்யும் அக்காமாரிடம் ஒன்று கேட்கிறேன். வயது குறைந்த ஒருத்தி டொக்டர் தந்த துண்டோடு வந்தால், ஏன் என்று வாங்கில் வைத்துக் கேட்காதீர்கள். துண்டு இல்லாமல் வந்தால் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். எச்.ஐ.வி. உள்ள சகோதரிகளே, நீங்கள் மருந்து எடுக்கும் இடத்திலேயே இதைக் கேளுங்கள். அங்கே உங்கள் கதை ஏற்கெனவே தெரியும், புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

ஆசிரியர் ஐயா, அடுத்தமுறை 35 என்று எழுதும்போது, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 என்றும் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள்.

பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.