புதுச் சைக்கிளில் தளர்ந்த கம்பிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னையில் சைக்கிள் ஓட்டுவோர் பெருக வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தச் சைக்கிளின் சக்கரம் ஆலையிலிருந்து எந்த நிலையில் வருகிறது என்பதை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

சென்ற ஆண்டு என் மகளுக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். ஐந்தாம் மாதம், பெரம்பூர் மேம்பாலத்தில் ஏறும்போது பின்சக்கரத்தில் ஒரு போக்ஸ் கம்பி அறுந்தது. அதை மாற்றிய மூன்று வாரத்துக்குள் இன்னும் இரண்டு அறுந்தன. மூன்றுமே இடப்பக்கக் கம்பிகள். மூன்றும் ஹப் எனப்படும் சக்கரத்தின் நடுக்குடத் துளையில் வளையும் இடத்தில்தான் அறுந்திருந்தன. பள்ளத்தில் இறக்கியிருப்பீர்கள் என்றார்கள் விற்ற கடையில். எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவரோ சக்கரத்தைக் கழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் காட்டினார். வலப்பக்கக் கம்பிகள் கணீரென்றன. இடப்பக்கத்தில் சிலவற்றில் ஒலியே எழவில்லை.

கம்பி அறுவது பெரும்பாலும் இறுக்கத்தால் அல்ல, தளர்வால். ஒவ்வொரு சுற்றிலும் தரையை ஒட்டி வரும் கம்பியின் இழுவிசை குறைந்து, மேலேறும்போது மீண்டும் கூடுகிறது. போதிய இறுக்கமில்லாத கம்பி அந்தக் கணத்தில் தொய்ந்து துளைக்குள் ஆடுகிறது. 26 அங்குலச் சக்கரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 முறை சுழலும். தினமும் 8 கிலோமீட்டர் போகும் பிள்ளையின் சைக்கிளில் தளர்ந்த ஒவ்வொரு கம்பியும் நாளுக்கு 3,800 முறைக்கு மேல் இப்படி அசைகிறது; திரும்பத் திரும்ப வளைத்த கட்டுக்கம்பியைப் போல ஒரு நாள் அறுகிறது. வலப்பக்கத்தில் கியர் பற்சக்கரங்களுக்கு இடம் விட்டிருப்பதால் பின்சக்கரத்தில் இடப்பக்கம் இயல்பிலேயே சற்றுத் தளர்வானது. ஆலையில் மொத்த இறுக்கத்தையும் குறைத்துவிட்டால் அந்தப் பக்கம் பேருக்குத்தான் கம்பி.

இயந்திரத்தில் கோட்டம் எடுத்த, அதாவது வளைவு நீக்கிய சக்கரம் சுழற்றிப் பார்த்தால் நேராகத்தான் ஓடும், வாங்குபவருக்குக் குறை தெரியாது. பெரியவர் இடப்பக்கக் கம்பிகளை மட்டும் புதிதாகப் போட்டு, எல்லாவற்றையும் சீராக முடுக்கி, இரண்டிரண்டாகக் கையால் அழுத்தி வளைவுகளைப் படிய வைத்து, மறுபடி கோட்டம் எடுத்தார். அதே ரிம், அதே ஹப். ஏழு மாதமாக ஒரு கம்பிகூட அறவில்லை.

ஆலைகள் நேரான ஓட்டத்தோடு இரு பக்க இறுக்கத்தையும் கருவி வைத்து அளந்த பிறகே சக்கரத்தை அனுப்ப வேண்டும். பிரேக்கையும் ஹேண்டில்பாரையும் சரிபார்த்துக் கொடுக்கும் கடைகள், முதல் மாத முடிவில் கம்பிகளையும் இலவசமாக முடுக்கித் தர வேண்டும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளின் கொள்முதல் நிபந்தனைகளிலும் இந்த அளவீட்டைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை.